கண்ணாடியில் படிந்த கபிலம்

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய நாள் எங்கள் வீட்டில் கழுவப்படாத பொருள் எதுவும் இருக்கவில்லை. ஜன்னல் திரைகள், மின்விசிறி இறக்கைகள், அலுமாரிக்கு மேலே இருந்த பழைய பூச்சாடிகள் எல்லாம் முடிந்து, அஸருக்குப் பின்னர் என் கண்ணில் பட்டது தம்பியின் மீன் தொட்டி. குர்ஆனை முதன்முறையாக ஓதி முடித்ததற்கு வாப்பா அவனுக்கு வாங்கிக் கொடுத்த பரிசு அது. இரண்டு அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம். எட்டுக் கப்பி மீன்கள். தொட்டி வீட்டுக்கு வந்து பத்தொன்பது நாட்கள்தான் ஆகியிருந்தன.

முதல் பத்து நாட்கள் அது கண்ணாடி போலவே இருந்தது. பிறகு மண்ணின் மீது தேயிலைத் தூள் தூவியது போல ஒரு படிவு தோன்றியது. அடுத்த வாரம் அது கண்ணாடிக்கும் பிளாஸ்டிக் செடிகளுக்கும் ஏறியது. பெருநாளுக்கு முந்திய நாள் பார்த்தபோது தொட்டி முழுவதும் கபில நிறம்.

"ஆக்கள் வாற வீடு. இந்தத் தொட்டிய இப்பிடியா வெச்சிரிக்கிற?" என்றார் உம்மா.

நான் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. மீன்களை ஒரு வாளியில் விட்டேன். தண்ணீரை முழுவதுமாக ஊற்றினேன். மண்ணைச் சுடுநீரில் மூன்று தடவை அலசினேன். பில்டரின் பஞ்சைக் குழாய்க்குக் கீழே பிடித்து, கறுப்புத் தண்ணீர் வருவது நிற்கும்வரை பிழிந்தேன். பிறகு குழாயிலிருந்தே புதுத் தண்ணீர் நிரப்பி மீன்களை விட்டேன். தொட்டி கடையில் இருந்ததைவிட அழகாக இருந்தது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

பெருநாள் காலையில் தம்பி புது உடுப்போடு வந்து, "ராத்தா, மீனெல்லாம் மேல வந்து கொட்டாவி விடுது" என்றான். தொழுகைக்குப் போய் வந்தபோது இரண்டு மிதந்தன. மூன்று நாட்களுக்குள் ஆறு செத்துவிட்டன. அவற்றை அவன் முருங்கை மரத்தடியில் புதைத்தான். கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவன் கோபப்படவில்லை. "நீங்க கழுவாம விட்டிருந்தா செத்திருக்காதா ராத்தா?" என்று மட்டும் கேட்டான்.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எனக்கு அன்று விடை சொல்லத் தெரியவில்லை. பிறகு தேடித் தெரிந்துகொண்டதையே இங்கே எழுதுகிறேன். எங்கள் கல்லூரித் தோழிகள் பலரின் வீடுகளிலும் இப்போது மீன் தொட்டிகள் வந்துவிட்டன. தொட்டி வாங்கிய இரண்டாம், மூன்றாம் வாரத்தில் இந்தக் கபிலப் படிவு அவர்கள் வீட்டுக்கும் வரும்.

முதலில் அதன் பெயரைச் சரி செய்துகொள்வோம். கடைகளில் இதைக் 'கபில அல்கா' என்று சொல்கிறார்கள். எங்கள் பாடத்திட்டத்தில் கபில அல்கா என்றால் சர்காசம் போன்றவை. அவை கடலில் பாறைகளைப் பற்றிக்கொண்டு வளரும் பெரிய உயிரிகள், கையால் பிடித்து இழுக்கக் கூடியவை. வீட்டுத் தொட்டியில் சர்காசம் எப்படி வரும்? இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஒரே வழிதான் இருந்தது. பெருநாள் விடுமுறை முடிவதற்குள் கண்ணாடியில் மீண்டும் மெல்லிய கபிலம் படியத் தொடங்கியிருந்தது. அதில் கொஞ்சத்தைச் சுரண்டி ஒரு ஜாம் போத்தலில் எடுத்துக்கொண்டு கல்லூரி ஆய்வுகூடத்துக்குப் போனேன்.

நுணுக்குக்காட்டியின் உயர் வலுவில் பார்த்தபோது அங்கே அழுக்கு என்று சொல்லத்தக்க எதுவும் இருக்கவில்லை. தோணி வடிவத்தில், இரு முனைகளும் ஒடுங்கிய, பொன்னிறமான சின்னஞ்சிறு கலங்கள். சில அசையாமல் கிடந்தன. சில மெதுவாக முன்னால் வழுக்கிச் சென்று, எதிலோ முட்டி, வந்த வழியே பின்னால் திரும்பின. சவுக்குமுளையும் இல்லை, பிசிரும் இல்லை. ஆனாலும் அவை நகர்ந்தன. என்னோடு பார்த்த தோழி, "இதையா நீ சுடுதண்ணி ஊத்திக் கழுவின?" என்றாள்.

அவை தயற்றங்கள். பாடநூலில் ஒரு படமும் சில வரிகளுமாக நாங்கள் கடந்து செல்லும் தனிக்கல உயிரிகள். சர்காசத்துக்கும் இவற்றுக்கும் உள்ள ஒற்றுமை நிறத்தில்தான் இருக்கிறது. இரண்டிலும் பியூகோசாந்தின் என்ற நிறப்பொருள் உண்டு. அது பச்சையத்தை மறைத்துக் கபிலமாகவும் பொன்னிறமாகவும் காட்டுகிறது. 'கபில அல்கா' என்ற கடைப் பெயர் அதனால் வந்ததே. ஆகவே பெயரைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். பச்சை நிறமில்லாவிட்டாலும் அவை ஒளித்தொகுப்புச் செய்பவையே.

தயற்றத்தின் சிறப்பு அதன் கலச்சுவரில் இருக்கிறது. அந்தச் சுவர் சிலிக்காவால் ஆனது, அதாவது கண்ணாடி செய்யப்படும் அதே மூலப்பொருள். அது ஒரே துண்டு அல்ல. சவர்க்காரப் பெட்டியும் மூடியும் போல ஒன்றின் மேல் ஒன்று பொருந்திய இரு பாதிகள். கலம் பிரியும்போது ஒரு மகட்கலம் பெட்டியையும் மற்றையது மூடியையும் எடுத்துக்கொள்கிறது. இரண்டுமே தமக்குக் கிடைத்ததை மூடியாக வைத்து உள்ளே ஒரு புதுப் பெட்டியைச் செய்கின்றன. எனவே பெட்டியைப் பெற்ற கலம் தாயைவிடச் சற்றுச் சிறியதாகிவிடும். இப்படியே தலைமுறை தலைமுறையாகச் சிறுத்துக்கொண்டு போய், ஓர் அளவுக்குக் கீழே வந்ததும் பெரும்பாலும் இலிங்க முறை இனப்பெருக்கத்தின் மூலம் மீண்டும் பழைய பருமனைப் பெறுகின்றன. இதைப் படித்த அன்று பாடத்தை மறந்து நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இறந்த தயற்றங்களின் கண்ணாடி ஓடுகள் இலேசில் அழிவதில்லை. ஏரிகளின், கடல்களின் அடியில் அவை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து வெண்ணிற மண்ணாகின்றன. 1867 இல் அல்பிரட் நோபல் டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றபோது, திரவ வெடிபொருளை உறிஞ்சிப் பாதுகாப்பாக வைத்திருக்கப் பயன்படுத்தியது அந்தத் தயற்ற மண்ணைத்தான். நாம் சுவாசிக்கும் ஒட்சிசனிலும் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. பூமியில் ஆண்டுதோறும் ஒளித்தொகுப்பால் உருவாகும் ஒட்சிசனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தயற்றங்களால் வருவதாக மதிப்பிடப்படுகிறது. உம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அதுக்காக ஹோலுக்குள்ளயா வளரணும்?" என்றார். நியாயமான கேள்வி. அது ஏன் புதுத் தொட்டியில் இப்படிப் பெருகுகிறது என்று பார்ப்போம்.

தயற்றத்துக்குத் தேவையானவை வெளிச்சம், கரைந்த சிலிக்கா, நைதரசன், பொசுபரசு என்பன. புதுத் தொட்டியில் இந்த நான்கும் தாராளமாக உண்டு. கிணற்று நீரானாலும் குழாய் நீரானாலும் அது மண்ணையும் பாறையையும் தொட்டு வந்த நீர். சிலிக்கா அதில் கரைந்தே இருக்கும். மண்தான் காரணம் என்று சிலர் மண்ணை வெளியே கொட்டிவிடுகிறார்கள். அது வீண் வேலை. ஆற்றுமணலில் உள்ள படிகமான குவார்ட்ஸ் நீரில் மிக மிக மெதுவாகவே கரையும். நாம் ஊற்றும் ஒவ்வொரு வாளி நீரோடும் வந்து சேரும் சிலிக்காவே பெரிது. இன்னொரு விதமாகச் சொன்னால், நான் செய்தது போல முழுத் தண்ணீரையும் மாற்றுபவர் தயற்றங்களுக்குப் புதிதாகச் சாப்பாடு போடுகிறார். ஒரு வாரத்தில் கபிலம் திரும்பி வந்ததன் காரணம் அதுவே.

மற்றைய காரணம் போட்டியில்லாமை. புதிதாக வெட்டித் துப்புரவாக்கிய வளவில் முதலில் முளைப்பது நாம் நட்டது அல்லவே! புதுத் தொட்டியின் கண்ணாடியும் மண்ணும் வெறும் நிலம். பற்றீரியாக்களும் பச்சை அல்காக்களும் அங்கே இன்னும் குடியேறவில்லை. தயற்றங்கள் விரைவாகப் பிரிபவை, குறைந்த வெளிச்சத்திலும் வாழக் கூடியவை. அவை முந்திக்கொள்கின்றன. நாட்கள் செல்லச் செல்ல நீரில் உள்ள சிலிக்கா குறைகிறது, மற்றவை வந்து இடத்தைப் பிடிக்கின்றன, தயற்றம் பின்வாங்குகிறது. பெரும்பாலான தொட்டிகளில் இது சில வாரங்களில் தானாகவே நடந்து முடிந்துவிடும். இரண்டு மூன்று மாதங்கள் எடுப்பதும் உண்டு.

அப்படியானால் கபிலப் படிவு மீனுக்குக் கெடுதி செய்யவில்லை. எங்கள் மீன்களைக் கொன்றது எது?

இதற்கு விடை பாடநூலில் நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த நைதரசன் வட்டத்தில் இருந்தது. மீன்களின் பூக்கள் வழியாக அமோனியா வெளியேறுகிறது. மீதமான உணவும் கழிவும் அழுகும்போதும் அமோனியா வருகிறது. கடலில், குளத்தில் அது கலந்து போகும். ஐம்பது லீற்றர் தொட்டியில் எங்கே போகும்? அங்கே சில வகைப் பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாக ஒட்சியேற்றுகின்றன. வேறு சில அந்த நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றுகின்றன. அமோனியாவும் நைத்திரைற்றும் மீனுக்கு நஞ்சு. நைத்திரேற்றை அவை ஓரளவு தாங்கிக்கொள்ளும். (இரண்டாம் படியைச் செய்வது நைத்திரோபக்டர் என்றே நாங்கள் எழுதுகிறோம். நன்னீர் மீன் தொட்டிகளில் அதைச் செய்பவை நைத்திரொஸ்பைரா வகையினவே என்று 1998 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பரீட்சையில் எதை எழுதுவது என்பதை ஆசிரியையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்!)

இந்தப் பற்றீரியாக்கள் நீரில் மிதந்து திரிபவை அல்ல. மேற்பரப்புகளில் ஒட்டி வாழ்பவை. பில்டர் பஞ்சிலும் மண்ணிலும் அவை அதிகம். தயற்றங்களைப் போல அவை வேகமாகப் பெருகுவதும் இல்லை. ஒரு புதுத் தொட்டியில் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகும். எங்கள் தொட்டிக்கு அன்று பத்தொன்பதாம் நாள். அரைவாசி வழி வந்திருந்த அந்தக் கூட்டத்தை நான் மண்ணோடு சேர்த்துச் சுடுநீரில் அவித்தேன், பஞ்சோடு சேர்த்துக் குளோரீன் நீரில் பிழிந்தேன். கறுப்புத் தண்ணீர் என்று நான் முகம் சுளித்ததில்தான் மீன்களின் உயிர் இருந்தது.

போதாக்குறைக்கு எங்கள் வெப்பநிலை. இங்கே கரையோரத்தில் தொட்டி நீர் இலகுவாக 29, 30 பாகை செல்சியசுக்கு வந்துவிடும். 20 பாகையில் ஒரு லீற்றர் நீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசன் கரையுமென்றால், 30 பாகையில் ஏழரை மில்லிகிராம்தான். அமோனியாவும் அப்படியே. நீரில் அது அமோனியாவாகவும் அமோனியம் அயனாகவும் சமநிலையில் இருக்கிறது என்பது இரசாயனவியல் மாணவிகளுக்குத் தெரியும். மீனைக் கொல்வது பெரும்பாலும் அயனாகாத அமோனியாவே. பீஎச் 7 இலிருந்து 8 இற்கு ஏறினால் அந்த நச்சுப் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகிறது. வெப்பம் ஏறினாலும் அது கூடுகிறது. சமநிலைக் கணக்குகளை இத்தனை நாள் புள்ளிக்காகச் செய்திருக்கிறேன். அந்தச் சமநிலை எங்கள் ஹோலில் இருந்த தொட்டிக்குள் நடந்துகொண்டிருந்ததை யோசிக்கவே இல்லை.

இவற்றோடு குழாய் நீரின் குளோரீனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாம் குடிக்கும் நீரில் கிருமிகளை அழிக்க அது அவசியம். ஆனால் மீனின் பூக்கள் மென்மையானவை. குளோரீன் அவற்றை எரித்துவிடும். 'கொட்டாவி' என்று தம்பி சொன்னது மூச்சுத் திணறல்.

ஆகவே தம்பியின் கேள்விக்கு விடை: ஆம், நான் கழுவாமல் விட்டிருந்தால் அவற்றில் பெரும்பாலானவை பிழைத்திருக்கும். இதை அவனிடம் நேரடியாகவே சொன்னேன். அத்தோடு, எட்டு மீன்களையும் முதல் நாளே ஒன்றாக விட்டதும் எங்கள் எல்லாருடைய பிழை என்றேன். அவன், "அப்ப இரிக்கிற ரெண்டும் சாகாம என்ன செய்யணும்?" என்று கேட்டான். நாங்கள் செய்தவற்றைச் சொல்கிறேன்.

கபிலம் வந்துவிட்டது. முதலில் அதுதானா என்று பாருங்கள். விரலால் தேய்த்தால் தூசியைப் போல இலேசாகக் கழன்று வந்தால் அது தயற்றம். நீலப்பச்சையாக, வழுவழுப்பான தாளாக உரிந்து, கெட்ட மணம் வீசினால் அது சயனோபற்றீரியா. அதன் கதை வேறு. கறுப்பு மயிர்போலக் கல்லிலும் இலை விளிம்பிலும் முளைத்து, தேய்த்தாலும் வராதது வேறொரு அல்கா. தண்ணீரே தேயிலைச் சாயமாக மாறி, கண்ணாடி துப்புரவாக இருந்தால் புதிதாகப் போட்ட மரக்கட்டையின் சாயம் இறங்கியிருக்கலாம்.

தயற்றம்தான் என்றால் அவசரம் இல்லை. ஒரு புதுப் பஞ்சு எடுங்கள். சவர்க்காரமோ பாத்திரம் கழுவும் திரவமோ படாத பஞ்சாக இருக்க வேண்டும்; சமையலறையில் பாவித்தது கூடவே கூடாது. மீன்களை வெளியே எடுக்கத் தேவையில்லை. முன்பக்கக் கண்ணாடியை மட்டும் மேலிருந்து கீழாக மெதுவாகத் துடையுங்கள். மண்ணுக்கு அருகில் கவனம், ஒரு மணல் அகப்பட்டாலும் கண்ணாடியில் கீறல் விழுந்துவிடும். துடைத்தது அடியில் படிய அரை மணித்தியாலம் பொறுங்கள். பிறகு ஒரு மெல்லிய ரப்பர் குழாயால் அந்தப் படிவோடு சேர்த்து நீரை இழுத்து வாளிக்கு விடுங்கள். வாயால் உறிஞ்ச வேண்டாம். குழாயை முழுதாக நீருக்குள் அமிழ்த்தி நிரப்பி, ஒரு முனையை விரலால் மூடி, தொட்டியை விடத் தாழ்வாகப் பிடித்துத் திறந்தால் நீர் தானாக ஓடும்.

எவ்வளவு நீர்? கால்வாசி போதும். எங்கள் தொட்டிக்கு அது பன்னிரண்டு லீற்றர், ஒரு பெரிய வாளி. வாரத்துக்கு ஒரு தடவை. புதிதாக ஊற்றும் நீரை முதல் நாளே வாயகன்ற வாளியில் பிடித்துத் திறந்து வைத்தால், ஒரு நாளில் குளோரீன் பெருமளவு வெளியேறிவிடும். அவசரமென்றால் கடைகளில் விற்கும் குளோரீன் நீக்கியைப் போத்தலில் எழுதிய அளவுக்கு விடலாம். நாங்கள் இப்போது வாளியைத் தொட்டிக்கு அருகிலேயே வைக்கிறோம், இரு நீருக்கும் வெப்பநிலை ஒன்றாக வரட்டும் என்று. எடுத்த பழைய நீரை உம்மா கறிவேப்பிலைக் கன்றுக்கு ஊற்றுகிறார். நைத்திரேற்று அதற்குப் பசளை. கன்று தழைத்த பிறகுதான் உம்மாவுக்குத் தொட்டியின் மீது ஒரு பிடிப்பு வந்தது என்று நினைக்கிறேன்.

பில்டர் பஞ்சை நீரோட்டம் குறைந்தால் மட்டும் கழுவுங்கள். அதையும் குழாய் நீரில் கழுவ வேண்டாம். தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீர் வாளிக்குள் இரண்டு தடவை அமுக்கி எடுங்கள். கறுப்பு முழுதாகப் போக வேண்டியதில்லை. கண்ணாடியைத் துடைக்கும் நாளிலேயே பஞ்சையும் கழுவாமல் ஒரு வாரம் இடைவெளி விடுவது நல்லது. பில்டரை இரவில் நிறுத்தும் பழக்கம் சில வீடுகளில் உண்டு, சத்தமாம், கரண்ட் பில்லாம். அந்தப் பற்றீரியாக்களுக்கும் ஒட்சிசன் வேண்டும். மின்சாரம் நெடுநேரம் தடைப்பட்டால் ஒரு கோப்பையால் நீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றி ஊற்றிக் காற்றூட்டுவோம். தம்பி விரும்பிச் செய்யும் வேலை அது.

வெளிச்சம் நாளொன்றுக்கு ஆறு ஏழு மணித்தியாலம் போதும். ஜன்னல் வெயில் நேரே விழும் இடத்தில் தொட்டியை வைக்காதீர்கள். ஆனால் தொட்டியைத் துணியால் மூடி இருட்டாக்கினால் தயற்றம் செத்துவிடும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். மங்கலில் தோற்பவை பெரும்பாலும் பச்சை அல்காக்களே.

உணவுதான் எங்கள் வீட்டில் பெரிய சண்டை. தம்பி காலையில் போடுவான், வாப்பா கடையிலிருந்து வந்து போடுவார், வீட்டுக்கு வரும் பிள்ளைகள் எல்லாரும் ஒரு கிள்ளு போடுவார்கள். மீன் எப்போதும் பசித்ததுபோலவே முகத்தைக் காட்டும், அதை நம்பக் கூடாது. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, ஒரு நாளைக்கு ஒரு தடவை. மீதி எல்லாம் அமோனியாவும் பொசுபேற்றும் ஆகிறது. இப்போது உணவுப் போத்தல் அலுமாரிக்குள் இருக்கிறது, சாவி தம்பியிடம்.

பிளாஸ்டிக் செடிகளை எடுத்துவிட்டு உண்மையான செடிகளை நட்டோம். வலிஸ்னேரியா வாங்கினோம். அது அமோனியாவையும் நைத்திரேற்றையும் உறிஞ்சுவதால் அல்காக்களுக்குக் கிடைப்பது குறையும். அதன் இலைகளிலும் முதல் வாரங்களில் கபிலம் படிந்தது. விரலிடுக்கில் பிடித்து மெல்ல வழித்துவிட்டோம்.

இனி செய்யக் கூடாதவை இரண்டு. ஒன்று மருந்து. கபிலப் படிவு என்று சொன்னதும் எங்களுக்கு ஒரு கடையில் அல்கா நாசினிப் போத்தல் ஒன்றை நீட்டினார்கள். இத்தகைய நாசினிகள் சிலவற்றில் செப்பு இருக்கிறது. அது நத்தைகளையும் இறால்களையும் கொல்லும். அளவு கூடினால் மீனையும் கொல்லும். தயற்றங்கள் ஒரேயடியாகச் செத்து அழுகினால் அமோனியா வேறு கூடும். தானாகப் போகப் போவதற்கு நஞ்சு எதற்கு?

மற்றையது சக்கர் மீன். "இதைப் போடுங்க, தொட்டிய நக்கித் துப்புரவாக்கும்" என்று விரலளவு குட்டியைக் கொடுப்பார்கள். உண்மைதான், சிறு வயதில் அது கண்ணாடியை நக்கும். ஆனால் வளர்ந்தால் ஓர் அடிக்கும் மேல் போகும். இரண்டு அடித் தொட்டியில் அதனால் திரும்பக் கூட முடியாது. தின்பதற்கு ஏற்ற கழிவையும் அதுவே போடும். கடைசியில் வீட்டார் இரக்கப்பட்டு வாய்க்காலில் விட்டுவிடுகிறார்கள். தென்னமெரிக்காவைச் சேர்ந்த அந்த மீன் இப்படித்தான் நம் நாட்டு நீர்நிலைகளில் ஆக்கிரமிப்பு இனமாகப் பரவியிருக்கிறது. அதன் உடல் முழுவதும் எலும்புத் தகடுகள், செட்டையில் உறுதியான முட்கள். வலையில் சிக்கினால் வலையைக் கிழிக்கும், சந்தையில் விலையும் போகாது. எங்கள் கண்ணாடி இரண்டு வாரம் கபிலமாக இருப்பதைச் சகிக்க முடியாமல் ஒரு மீனவரின் வலையைக் கிழிப்பது என்ன நியாயம்? உதவிக்கு ஓர் உயிர் வேண்டுமென்றால் சிறிய நெரைட் வகை நத்தை ஒன்று போதும். அது தயற்றத்தை விரும்பி மேயும், நன்னீர்த் தொட்டியில் பெருகவும் மாட்டாது.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைக்குத் தொட்டி வாங்கும் அன்றே மீனையும் வாங்காதீர்கள். தொட்டி, மண், செடி, பில்டர் எல்லாவற்றையும் வைத்து ஓட விடுங்கள். முடிந்தால் ஏற்கனவே நன்றாக நடக்கும் தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் பழைய பில்டர் பஞ்சின் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி உங்கள் பில்டருக்குள் வையுங்கள். அந்த அழுக்குத் துண்டு கடையில் விற்கும் எந்தப் போத்தலையும்விட நல்ல பரிசு. பிறகு இரண்டு மீன்களோடு தொடங்குங்கள். சில வாரங்கள் கழித்து இன்னும் இரண்டு. பிள்ளை அழத்தான் செய்யும். வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க எந்தப் பிள்ளைக்கும் பிடிக்காது. ஆனால் அந்த அழுகை முருங்கை மரத்தடியில் குழி தோண்டும் அழுகை அல்ல.

கபிலம் மூன்று மாதம் தாண்டியும் போகவில்லை, அல்லது பழைய தொட்டியில் திடீரென்று திரும்பி வந்துவிட்டது என்றால் ஏதோ மாறியிருக்கிறது என்று பொருள். கிணற்றை மாற்றினீர்களா, புது மண் போட்டீர்களா, உணவு கூடிவிட்டதா, பில்டர் ஓட்டம் குறைந்துவிட்டதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். நீரில் சிலிக்கா மிக அதிகமென்றால் சுத்தமாகப் பிடித்த மழைநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றலாம், அதில் சிலிக்கா மிகக் குறைவு. கூரைத் தூசு கழுவிப் போகும்வரை முதல் மழையை விட்டுவிட்டுப் பிறகு பிடியுங்கள்.

எங்கள் தொட்டியில் மிஞ்சிய இரண்டு கப்பிகளில் ஒன்று பெண். பெருநாள் முடிந்து ஐந்தாவது வாரம் ஒரு காலையில், தம்பி சுபஹுத் தொழுதுவிட்டு வந்து என்னை எழுப்பினான். வலிஸ்னேரியா இலைகளுக்கு நடுவே கண்ணும் வாலும் மட்டுமாகப் பதினொரு குஞ்சுகள். பெரிய மீன்கள் தின்றுவிடும் என்பதால் அவற்றை ஒரு சிறு போத்தலுக்கு மாற்றவா என்று கேட்டேன். வேண்டாம், செடி இருக்கிறதே என்றான். முன்பக்கக் கண்ணாடியில் கபிலம் ஏறக்குறைய இல்லாமல் போயிருந்தது. பின்பக்கத்தில் மட்டும் கொஞ்சம் இருந்தது. குஞ்சுகள் அதைக் கொத்திக் கொத்தித் தின்றுகொண்டிருந்தன.

"பின்னுக்கு உள்ளதத் துடைச்சிடாதீங்க ராத்தா" என்றான்.

ஏழு குஞ்சுகள் வளர்ந்துவிட்டன. பின்பக்கக் கண்ணாடி இன்னும் துடைக்கப்படவில்லை. விருந்தாளிகள் யாரும் கேட்டால் உம்மாவே பதில் சொல்கிறார்: "அது அழுக்கில்ல, அதுகள்ற சாப்பாடு."